வாய் இல்லாத பிள்ளை

"ஏன் புள்ள, ஒனக்கு வாயே இல்லியா?"

கைறுன்னிஸா ராத்தா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதைத்தான். முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம். அலுவிகாரைச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டான். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இருந்தும் அடையாள அட்டையை நீட்டியபடி சும்மா நின்றேன். அவன் குரல் உயர்ந்தபோது ராத்தா முன்னால் வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை, மருந்தெடுக்கப் போகிறது என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். குவைத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறி அவருக்கு அப்போது ஒரு வாரம்தான்.

யாராவது கேட்டால் இந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது, அவ்வளவுதான். எழுத்து நன்றாக வரும். ராத்தாவுக்கு எழுத்து வராது. ஆகவே வங்கிக்குப் போகும்போதெல்லாம் படிவம் நிரப்ப என்னைக் கூட்டிப் போவார். எனக்கும் ஒரு கணக்குத் திறந்து, முதல் காசை அவரே போட்டார்.

"ஒனக்கும் ஒண்டு இரிக்கட்டுமே. நாளைக்கு ராணி மாதிரி எங்கட கடையில இரிக்கப் போற."

கடை என்றால் கொமினிகேஷன் கடை. வெளிநாட்டுக்குத் தொலைபேசிக் கோல் எடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின். குவைத்தில் ஆறு வருடம் யாரோ வீட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு அதற்குத்தான். கடை வந்துவிட்டால் அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. மகள் மஸீஹா அவரை உம்மா என்று கூப்பிட இன்னமும் பழகவில்லை. வளர்த்த மாமியைத்தான் அப்படிக் கூப்பிடும்.

அந்த வருடம், 2008இல், வங்கி ஒரு கடிதம் அனுப்பியது. இனி தொலைபேசியிலேயே காசை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். நான்கு இலக்கத்தில் ஓர் இரகசிய எண் வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். வங்கி ஒருபோதும் அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்காது, யாராவது கேட்டால் வைத்துவிடுங்கள் என்று கடைசியில் இருந்தது. அதை மூன்று தரம் வாசித்தேன். அவர் எண்ணை அழுத்தியபோது, எனக்கும் தெரியக்கூடாது என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு பின்னேரம் வேலிக்கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ராத்தா தன் அண்ணன் மர்சூக்குடன் போனில் பேசுவது கேட்டது.

"அருந்ததி தங்கமான புள்ளதான் நானா. ஆனா கடையில வெக்க ஏலா. வாய் தொறக்காதே. வார ஆக்கள் கல்லோடயா பேசிய? ஒங்கட மகளே வந்து இரிக்கட்டும்."

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அழவில்லை. என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவர் என்னைக் கல் என்றார். வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மாத்தளை டவுனுக்குப் போனேன். ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ராத்தாவின் போனுக்கு எடுத்தேன். தொலைபேசியில் முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தில் எனக்குக் குரல் வந்தது. அவ்வளவு நல்ல குரல் என்னிடம் இருப்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

"வணக்கம் மிஸ். வங்கியிலிருந்து பேசுறேன். உங்க கணக்குல யாரோ கை வைக்கப் பார்க்குறாங்க. காசைப் பாதுகாக்கணும்னா உங்க இரகசிய எண் வேணும்."

"அது சொல்ல ஏலா மிஸ். வங்கியே கேட்டாலும் சொல்லக் கூடாதெண்டு எங்கட புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லீக்கி."

"அது சரிதான் ராத்தா, ஆனா அவசரம்..."

வங்கியில் யாரும் யாரையும் ராத்தா என்று கூப்பிடுவதில்லை. வாயில் வந்துவிட்டது. நான் போனை வைக்கப் போனேன். அப்போது ராத்தா எண்ணைச் சொன்னார். ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார்.

வங்கி அதிகாரியிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். பாவம், படிக்காதவர். என் குரலை அவர் அடையாளம் கண்டிருக்க முடியாது. அந்தக் கடிதத்தை வாசித்ததைத் தவிர, நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி அவர் கேட்டதே இல்லையே.

அதே பெட்டிக்குள் நின்று வங்கிக்கு எடுத்து, படிவங்களில் எழுதி எழுதி மனப்பாடமான அவர் கணக்கு எண்ணையும் இரகசிய எண்ணையும் அழுத்தி, முழுக் காசையும் என் கணக்குக்கு மாற்றினேன். கள்வர்கள் பெயரை மறைப்பார்கள். நான் மறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காசு எடுக்கப் போனபோது படிவம் நிரப்ப நானும் போனேன். அதிகாரி மகேந்திரராஜா கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காசு எல்லாம் போயிருக்கே அம்மா. அருந்ததிங்கிற பேருக்கு. தெரிஞ்சவங்களா? இல்லாட்டி இப்பவே பொலிசுக்கு எழுதலாம்."

நான் படிவத்தில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன். ராத்தா என் பக்கம் திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "நான்தான் அனுப்பின."

இதற்குமேல் என்ன வேண்டும்? அவரே தந்தேன் என்று சொன்ன காசு. மர்சூக்கின் மகளைக் கடையில் வைக்கவிருந்த தவறை உணர்ந்து, வாக்குக் கொடுத்தவளுக்கே கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். கடைக்கு ராத்தா தன் பங்காகப் போட்ட காசு என்று அப்பாவிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை.

அந்தக் காசில் நான் திறந்த கடை சந்தியில் நன்றாக நடக்கிறது. கோல் எடுக்க வருகிறவர்களிடம் நான்தான் பேசுகிறேன். வங்கி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று ஒரு மட்டையில் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். எத்தனையோ பேர் அதை வாசிக்கிறார்கள்.

நேற்று ராத்தா வந்தார். பாஸ்போர்ட்டை மெஷின் கண்ணாடிமேல் வைத்தார். திரும்பவும் குவைத்.

"எத்தனை கொப்பி ராத்தா?"

இரண்டு விரலைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார். மட்டையில் நான் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த அமைதி எனக்குச் சங்கடமாக இருந்ததால், சிரிக்க வைக்கலாம் என்றுதான் கேட்டேன்.

"ஏன் ராத்தா, உங்களுக்கு வாயே இல்லியா?"

அவர் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுப் படியிறங்கி, பஸ் நிற்கும் பக்கமாகப் போனார்.