அவசரப்படுத்தாத கடிகாரம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் நெல்லையப்பன் அவர்களே, மண்ணூர் பளுதூக்கும் கழகத்தின் நிர்வாகிகளே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகள் கோப்பை வாங்குவதைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்டு முடிந்து சீருடையோடு நேரே வந்து, தூக்கம் தொலைத்த கண்களோடும் தோற்காத தோள்களோடும் நிற்கும் தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பரிசு வழங்கும் முன் ஒரு திருத்தம். நான் கம்பெனியின் ஆள் அல்ல.

யார் உடம்பில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது, யாரிடம் இன்னும் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று அளந்து கம்பெனிக்குச் சொல்கிறாளாம் இந்தக் கடிகாரக்காரி. சுங்குவார்சத்திரம் டீக்கடை வரை இந்தப் பேச்சு போயிருக்கிறது. எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு நாற்காலி போட்டதில்லை. நாற்காலி போட்டது நீங்கள். எடுத்ததும் நீங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கேளுங்கள்.

என் கையிலிருக்கும் இந்த ஸ்டாப்வாட்ச், இந்தக் கடிகாரம், என் கணவர் சண்முகசுந்தரத்துடையது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நேர ஆய்வு அவர் வேலை. ஒருவர் ஒரு பாகத்தைப் பொருத்த எத்தனை வினாடி எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று அளப்பார். அவர் வருவதைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். நேர்மையான மனிதர், ஆனால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் வந்ததில்லை. அவர் போன பிறகு கடிகாரம் அலமாரியில் இருந்தது. நான் வீட்டில் இருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

காலையில் பால்காரர் ஒரு வார்த்தை சொல்வார். அதன்பின் என் வீட்டில் மனிதக் குரல் கேட்க வேண்டுமானால் நான்தான் பேச வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குள், உங்கள் கூடத்துக்கும் எனக்கும் நடுவே நிற்கும் ஒற்றைச் சுவர் வழியே, உங்கள் இரும்பு வந்தது!

பளு தரையை விட்டு எழும்போது தட்டுகள் கிணுகிணுக்கும். இறங்கும்போது தரை அதிரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மௌனம். மௌனத்தைக் கேட்டுப் பழகியவள் நான். அதே பையன், அதே பளு. ஒரு நாள் அந்த மௌனம் சின்னது, இன்னொரு நாள் இழுத்துக்கொண்டே போகிறது. ஏன்? நைட் ஷிப்டு! இரவெல்லாம் தொழிற்சாலை லைனில் நின்றவனின் பளுவும், வார விடுமுறையில் உறங்கி எழுந்தவனின் பளுவும் எப்படி ஒன்றாகும்? உங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டிய பயிற்சி அட்டவணைக்கு அது தெரியுமா? புதன்கிழமை என்றால் இவ்வளவு எடை என்கிறது அட்டவணை. புதன்கிழமைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு இருந்ததே, அது தெரியுமா?

கடிகாரத்தோடு உங்கள் கூடத்துக்கு வந்தேன். தலைவர் நாற்காலி போட்டார். பளு தரையை விட்டதும் அழுத்துவேன். தூக்குபவர் நிமிர்ந்து நின்றதும் நிறுத்துவேன். ஒரே ஒரு தூக்கலை நம்பக் கூடாது, என் விரலும் தவறும். மூன்று தூக்கலின் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பேன். முழு வேகத்தோடு எழுப்பியும் வழக்கத்தைவிட மெதுவாக எழுந்தால், இன்று தட்டைக் கழற்று. விரைவாக எழுந்தால், இன்று தட்டைச் சேர். அவ்வளவுதான். எடையை முடிவு செய்வது அட்டவணை அல்ல, அன்றைய உடம்பு.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கொம்பையாவை உங்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு மறுநாள் ஒரு காலை, அட்டவணை குறைந்த எடை சொன்னது, கடிகாரம் ஏற்றச் சொன்னது. அதுவரை தூக்காத எடையைத் தூக்கிவிட்டு, "ஆச்சி, கம்பி பறக்குல்லா!" என்று கத்தினான். என் வீட்டுச் சுவரும் அதைக் கேட்டது.

இன்னொரு காலை. நைட் ஷிப்டு, அதன்மேல் ஓ.டி. பளு ஊர்ந்தது. "கழற்று, கொம்பையா" என்றேன். செயலாளர் ராஜசேகர், "இன்னாடா, ஆயா சொன்னா கழட்டிடுவியா? சார்ட்டுல இன்னா போட்டுகீது பாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கழற்றவில்லை. மேலும் ஒரு தட்டைச் சேர்த்தான். இடுப்பு போயிற்று.

அங்கே பின்வரிசையில் யார், கொம்பையாவா? எழுந்திருக்காதே, அப்பா.

"இல்ல ஆச்சி, நான் சொல்லுதேன், அன்னைக்கு ஆச்சி வேண்டாம்னுதான்..."

தெரியும். உட்கார். உனக்கு வலிக்கும்.

கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட்டதால் அவன் அடிபட்டான் என்று செயற்குழு முடிவு செய்தது. கடிகாரத்துக்குத் தடை, நாற்காலி உள்ளே. ராஜசேகர் மேல் எனக்குக் கோபமில்லை. லைனில் நிற்பவருக்குக் கடிகாரம் சொல்லத் தெரிந்தது ஒரே வார்த்தை: சீக்கிரம், சீக்கிரம்! அது "இன்றைக்குப் போதும்" என்று சொல்லும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? தோழர்களே, வாழ்நாளெல்லாம் தொழிலாளியை விரட்டிய கடிகாரம் இது! உங்கள் கூடத்தில்தான் முதன்முறையாக ஒரு தொழிலாளியைப் பார்த்து, களைத்திருக்கிறாய், இறக்கி வை என்றது! அந்த வாயையா அடைத்தீர்கள்? அன்று காலை தட்டைக் கழற்றியிருந்தால், இன்று இந்த மேடையில் கோப்பை வாங்க அவன் வந்திருக்க மாட்டானா?

கைதட்ட வேண்டாம். கைதட்டல் வீடு வரை வராது.

இப்போதும் மாலையில் சுவரருகே உட்காருகிறேன். ஊர்ந்து எழும் பளு எது என்று எனக்குக் கேட்கிறது. "கழற்று" என்று சுவரிடம் சொல்கிறேன். சுவர் யாரிடம் சொல்லும்?

இந்த மேடையைத் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், உறக்கத்தை ஒதுக்கி வைத்து நின்ற தோழர்களுக்கும் நன்றி. வெற்றி பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். வணக்கம்.

செயற்குழுவுக்கு ஒன்று. அந்த நாற்காலியைத் திரும்பப் போடுவீர்களா, மாட்டீர்களா? மாட்டோம் என்றாலும் சரி, கடிகாரத்தை அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஆனால் சுவர் வழியே காதில் விழும் பேச்சாக அது எனக்கு வேண்டாம். உங்கள் பதிலை எழுதி, கையெழுத்திட்டு, என் வீட்டுக்கு அனுப்புங்கள்.