அரைப் பேர்

நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் அன்று பிரஜாவுரிமை விசாரணை. லிந்துலையில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு தாயும் மகனும். பக்கத்தில் அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர். அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"பொறந்த பத்திரம் இல்லாம போறியே மாப்ள, கள்ளத்தோணியில வந்தவன்னு எழுதிடப் போறாங்க."

"நான் பொறந்த அன்னைக்கு அம்மாவுக்கு அரைப் பேரு, மாமா. அதுதான் என் சாட்சி."

"அதெப்படி?"

"காலையில கொழுந்து எடுத்துச்சு. மத்தியானம் மலையிலேயே என்னைப் பெத்துச்சு. 'பிள்ளை பொறந்தது, அரை நாள் வேலை'ன்னு கணக்கப்பிள்ளை, வேலைக்குப் பேர் போடுற செக்ரோல்ல அரைப் பேரா எழுதிட்டாரு. அதைப் பாத்துப் பெரிய கிளாக்கரய்யா கடுதாசி குடுத்திருக்காரு."

மாமா சிரித்தார். "அப்ப அக்கா அன்னைக்கு அரை வேலைதான் பாத்துச்சா?"

ஜன்னலோரம் இருந்த அந்த அம்மா வெடுக்கென்று திரும்பினார்.

"யாருடா சொன்னது? முழுக் கூடையையும் நிறுத்துக் குடுத்துட்டுத்தான் இவனைப் பெத்தேன்."