கிணற்றில் கிடந்த ரம்பம்

கூமாப்பட்டி பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை நீலப் புகையாக மிதந்து வந்தது.

"எங்க வீட்டுக்காரவிய ரம்பத்தைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டேன், மதினி," என்றாள் முன்சீட்டுப் பெண்.

"ஏட்டி! ஏன்?"

"மழையில்லாம வயக்காட்டு வேலை போச்சுன்னுதான் திருட்டு மரம் வெட்டப் போனாவ. மரம் போகவும் ஓடையும் வத்திப் போச்சு. மறுபடியும் மலைக்குப் போறேன்னு நின்னாவ."

"தண்ணியில்லாத கிணறுதான? எறங்கி எடுத்திருப்பாரே?"

"எறங்குனாவ. ரம்பத்துப் பக்கத்துலயே உக்காந்து, காஞ்ச மண்ணைத் தடவிக்கிட்டே இருந்தாவ. பொறவு வெறுங்கையோட ஏறி வந்தாவ."

மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்க?"

"மில்லுல வேலை கேக்க ராஜபாளையம் போறாவ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் வாரேன். ஜன்னல் வழியா சிரிச்சாவ, மதினி."