பன்னுவுக்குக் கொடுத்த பயிற்சி

நாய்கள் என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார். நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும்போலத் தெரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்ததாக உங்கள் ரயில்வே போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருக்கிறீர்கள். அது போதாது.

என் பெயர் ராகவன். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர், பதினாறு பேர் எனக்குக் கீழே. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஃப்ளாட். போன வருடம் ரியோவை வாங்கினேன். பார்டர் கோலி ஜாதி. உலகத்திலேயே புத்திசாலியான நாய் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். நாய்களுக்குத் தடை ஓட்டம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கம்பைத் தாண்ட வேண்டும், துணிக் குழாய்க்குள் புகுந்து வெளியே வர வேண்டும், வரிசையாக நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து ஓட வேண்டும், மேசைமேல் ஏறி, போகச் சொல்லும்வரை அசையாமல் உட்கார வேண்டும். நாமும் கூடவே ஓடிக் கட்டளை கொடுக்க வேண்டும். பக்கத்துக் காலிமனையில் பிளம்பிங் குழாய்களை வாங்கிவந்து எல்லாவற்றையும் நானே அமைத்தேன். ரியோ துணிக் குழாய்க்குள் போய்ப் படுத்துத் தூங்கியது. உள்ளே நல்ல நிழல். அந்த வகையில் புத்திசாலிதான்.

சுவரோரமாகப் பன்னு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். தெரு நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். எங்கள் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் பொன்னியம்மா டீக்கடை பன் போட்டு வளர்த்ததால் அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரியோவுக்குப் புரியட்டும் என்று நானே மூன்று தடவை தாண்டிக் காட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பன்னு எழுந்து வந்தது. கம்பு, குழாய், குச்சி, மேசை. ஒன்றையும் தட்டவில்லை. மேசைமேல் உட்கார்ந்து, அடுத்து என்ன என்பதுபோல என்னைப் பார்த்தது.

என் மனைவி பவ்யா பால்கனியிலிருந்து அதைப் படம்பிடித்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். எழுபதுக்கு மேல் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. எழுபத்திரண்டு.

நான் கோபப்படவில்லை. திறமை எங்கே இருந்தாலும் அதை மேலே கொண்டுவருவதுதான் என் தொழில். பொன்னியம்மாவிடம் அனுமதிகூடக் கேட்டேன். தெரு நாய்க்கு யாரிடம் கேட்க வேண்டும்? இருந்தாலும் கேட்டேன்.

"இட்டுகினு போ சார். சும்மா குந்திகினுதானே கீது. வேளைக்கு சோறு மட்டும் போட்ரு" என்றாள்.

நான்கு மாதம் பழக்கினேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி, ஜாதி பார்க்காத பிரிவும் இருந்தது. பன்னு என்ற பெயர் சபையில் சொல்லும்படி இல்லை என்பதால் ப்ருனோ என்று பதிவு செய்தேன். பன்னிரண்டு தடைகளை ஒரு பிழை இல்லாமல் முடித்தது. மிச்சம் ஒரே ஒரு கம்பு. வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும் பொன்னியம்மா லீவு போட்டு, நல்ல புடவை கட்டி, பஸ்ஸில் கரையான்சாவடிவரை வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்து கயிற்றோரம் நின்றிருந்தாள்.

"ஏய் பன்னு!"

ஒரே ஒரு தடவைதான். ப்ருனோ கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடிப்போய் அவள் இடுப்பில் இரண்டு கால்களையும் வைத்தது. தகுதி நீக்கம். கூட்டம் கைதட்டியது. என் பன்னிரண்டு தடைகளுக்கு இல்லை, அதற்கு. நடுவர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் பொன்னியம்மா பின்சீட்டில் அதை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். "நீ இன்னாதான் கத்துக் குட்த்தாலும் அது எம் புள்ள சார்" என்று சிரித்தாள். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வேலை கெட்டுப்போனால் யாரையும் திட்ட மாட்டோம். காரணத்தைக் கண்டுபிடிப்போம். காரணம், ப்ருனோவுக்கு 'ஸ்டே' போதவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டி 'ஸ்டே' என்றால் அசையக் கூடாது. ஆறு வாரம் அதை மட்டும் பழக்கினேன். பத்து விநாடி, ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். முன்னால் கோழித் துண்டு வைத்தேன். பிறகு பொன்னியம்மாவின் குரலைப் பதிவு செய்யப் போனை நீட்டி, "பன்னு வா" என்று சொல்லச் சொன்னேன். பயிற்சிக்கு என்றதும் சந்தோஷமாக மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் அதைப் போட்டதும் ப்ருனோ ஓடிவந்து, போனுக்குப் பின்னால் அவளைத் தேடி முனகியது. பன்னிரண்டாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவித்த முட்டை கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

ஆனால் போன் வேறு, ஆள் வேறு. பொன்னியம்மா தினமும் காலையில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருவாள். மேம்பாலம் ஏற முழங்கால் விடாது. ரோட்டில் வைத்துச் சோதித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். ரோட்டில் எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எலக்ட்ரிக் ட்ரெயின் நேரத்துக்கு வரும்.

வியாழக்கிழமை காலை ப்ருனோவைத் தண்டவாளத்துக்கு நடுவில் உட்காரவைத்தேன். எட்டு அடி பின்னால் வந்து கையை விரித்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் வந்து நின்றாள். முதலில் சிரித்தாள். பிறகு ஹாரன் கேட்டது.

"பன்னு! இங்க வாடா பன்னு!"

அதன் மடங்கிய காது அசைந்தது. பின்னங்கால் கொஞ்சம் எழும்பியது. என் கையைப் பார்த்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் உட்கார்ந்திருந்தது.

"சார், கைய எறக்கு சார்! உன் கால்ல வியறேன், கைய எறக்கு சார்!"

ஹாரன் அடித்ததிலிருந்து பதினோரு விநாடி இருந்தது என்று ட்ரெயினை ஓட்டிவந்த மோட்டார்மேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. இறக்கியிருந்தால் வந்திருக்கும். இறக்கவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தினால் அது சோதனையே இல்லை.

பவ்யா ரியோவைத் தூக்கிக்கொண்டு மண்ணூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரியோவை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமாம். ரியோ யார் பேச்சையும் கேட்காது. அதோடு எனக்கு என்ன தகராறு?

கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. பொறாமையா என்றும் கேட்டீர்கள். மாடிப்படி பெருக்குகிறவள்மேல் எனக்கு என்ன சார் பொறாமை? ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நான்கு தடவை கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கடைசிவரை அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள், அது யாருடைய நாய்?