சத்தமில்லாத இடங்கள்

வீடியோ தொகுக்கிற வேலையில் முதலில் போவது முதுகுதான், சார். அதனால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தங்கை புருஷன் கம்ப்யூட்டரில் விளையாடுவதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு. நேரலையில் ஓட்டிக்கொண்டே, இல்லாத பயணிகளோடு சண்டை பிடிப்பார். "உள்ள போங்கம்மா, உள்ள எவ்வளவு இடம் கெடக்கு" என்பார். பார்க்கிறவர்கள் அவரை 'டிரைவரண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். நேரலை மணிக்கணக்கில் ஓடும். முடிந்ததும் சேனலிலிருந்து அதை எடுத்துவிட்டு, பதிவு மொத்தத்தையும் என்னிடம் தருவார். நான் ஒன்று விடாமல் பார்த்து, சிரிப்பு வருவதைத் தனியாக, சுமாரானதைத் தனியாக, ஆகாததைத் தனியாகப் பிரித்து, அதிலிருந்து ஒரு சின்ன நகைச்சுவை வீடியோ செய்வேன். பேர் அவருக்குப் போகும்.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம், பொறாமைதான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. ஆனால் பேர் போனதற்காக இல்லை. சின்ன வயதிலிருந்து என் தங்கையைச் சிரிக்க வைத்தவன் நான். அப்பா அடித்துவிட்டு வெளியே போனதும் அவர் மாதிரியே விறைப்பாக நடந்து காட்டுவேன். அழுதுகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் இவருடைய பதிவுகளில்தான் கேட்டேன். சமையலறையிலிருந்து வரும். அதைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, வீடியோவில் நானே ஒட்ட வேண்டும்.

ஒரு பதிவில் புதிதாக ஒன்று வந்தது. "சில்லறை இல்லாம ஏறாதீங்கன்னு எத்தனை" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுபோனார். பஸ் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இவர் அசையவில்லை. அப்புறம் மெதுவாகத் திரையைப் பார்த்து, "யாருப்பா ஓட்டுனது?" என்றார். அவர் முகத்தை உறைய வைத்து, மேலே ஒரு பின்னணி இசையைப் போட்டு வெளியிட்டேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பல பதிவுகளில் அதே மாதிரி நின்றார்.

எனக்கு வயிறு எரிந்தது, சார். பாதிப் பேச்சில் அவ்வளவு நேரம் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கும் ஒரு சேனல் உண்டு, பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் அப்படி நின்று பார்த்தேன். ஒருவர், "நெட் போச்சா ப்ரோ?" என்று எழுதிவிட்டு வெளியேறிவிட்டார்.

வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் அந்த இடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகத்தை எடுக்கிற கேமரா தனியாகப் பதிவாகும். அதை மட்டும் பெரிதாக்கினேன். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது, வாயில் ஒன்றும் இல்லை. கை சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தது. தங்கை டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "என்னங்க... என்னங்க" என்கிறாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பவேயில்லை. தெளிந்த பிறகு, "டீ எப்ப வெச்ச?" என்கிறார்.

அது நடிப்பு இல்லை, ஏதோ நோய் என்று புரிந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் கை கழுவுவதற்குள் இன்னொன்று தோன்றி அந்த நிம்மதியும் போயிற்று. நான் மண்டையை உடைத்துக்கொண்டாலும் வராத சிரிப்பு, இந்த ஆளுக்கு நோயில் வருகிறதே.

தங்கை ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். கட்டிலில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, அவர் அப்பப்ப அப்படியே நின்னு போயிடறாரு. கூப்பிட்டா கேக்கறதில்ல. கேட்டா தனக்கு ஒண்ணும் தெரியலங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஸ்கேன்ல ஒண்ணும் வரல. டாக்டர் முன்னாடி இவர் நல்லாத்தான் இருக்காரு. நீ போட்ட வீடியோவைக் காட்டினேன், வெட்டி ஒட்டினதை வெச்சு சொல்ல முடியாது, முழுசா பதிவு இருந்தா கொண்டாங்கன்னாரு. அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதாம். சாவியை ஒளிச்சு வெச்சிருக்கேன். முழுசா பாக்கறவன் நீ ஒருத்தன்தானே அண்ணா."

தருகிறேன் என்றேன். தந்தேன்.

தொகுப்பவனின் முதல் வேலையே சத்தமில்லாத இடங்களை வெட்டி எடுப்பதுதான். அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. பழக்கத்தில் அழுத்தினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் தங்கை "என்னங்க" என்று கூப்பிடுகிற இடங்கள் பட்டனுக்கு அகப்படவில்லை. அவற்றைக் கையால் எடுத்தேன். பஸ் பள்ளத்தில் விழுகிற இடங்களையும் எடுத்தேன். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் எனக்குத் தொழிலில் நல்ல பேர். முழுப் பதிவு என்று எழுதி பென் டிரைவை அவளிடம் கொடுத்தேன். அதில் ஒரு மனிதர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டேயிருந்தார்.

தூக்கம் போதவில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் வந்தார். "மச்சான், இவ சும்மா பயமுறுத்திட்டா. இனி வண்டி எடுக்கலாம்ல?" என்று என்னைத்தான் கேட்டார்.

"டாக்டரே சொன்ன பிறகு என்ன மாப்பிள்ளை" என்றேன்.

பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் அவர் ஓட்டிப்போன வண்டி திரும்பவில்லை. நேராகச் சுவரில் போய் மோதியது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று உங்கள் ஆட்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

வெட்டியது நான்தான். நோய் என்று தெரிந்து வெட்டினேன். அவன் வண்டி எடுப்பான் என்பதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெட்டிய துண்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. நல்ல சரக்கை வீணாக்க எனக்கு மனசு வராது. என் கம்ப்யூட்டரிலிருந்து அவற்றை எடுத்து இன்று காலை அவளுக்குப் போட்டுக் காட்டினீர்களே, அது மட்டும் வேண்டாத வேலை, சார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டு பார்த்தாள். அவன் விழித்துக்கொண்டு "யாருப்பா ஓட்டுனது?" என்றதும், கண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டாள். அவன் செத்த பிறகும் அவனுக்குத்தான் சிரிக்கிறாள். நான் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான். அந்தத் துண்டுகளை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும்.