டிராக்டருக்குத் தைத்த சட்டை

"ஹலோ... ஹலோ! ம், கேக்குது, சொல்லு... இரு இரு, பின்னாடி என்ன சத்தம்? இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு? முதல்ல இன்ஜினை நிறுத்து!... அந்தக் கறுப்புக் குமிழைப் பிடிச்சு இழு. விடாம இழுத்துப் பிடி... நின்னுச்சா?... ம். ம். இப்ப சொல்லு, என்ன ஆச்சு?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்தபடி அவர் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. கொட்டகைக் கூரையில் ஓட்டையை அடைக்க ஏறி, வழுக்கி விழுந்து, தொடையெலும்பை முறித்துக்கொண்டு வந்திருக்கும் விவசாயி. கால் ஒரு சட்டத்தின்மேல் ஏறி நிற்க, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியே ஒரு மணல்மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாயையும் கைபேசியையும் தவிர அவரிடம் உருப்படியாக வேலை செய்கிற பொருள் வேறொன்றும் இல்லை. போனின் அந்தப் பக்கம், ஓடைக்கரையில், அவர் மனைவி தனியாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பழைய டிராக்டர். பம்பை ஓட்டி ஓடைத் தண்ணீரை மக்காச்சோளக் காட்டுக்கு ஏற்றுவது அதன் வேலை. 'கிழவன்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் இவர்தான். கதிரில் பால் பிடிக்கிற நேரம், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. இப்போது தண்ணீர் பாயாவிட்டால் காட்டில் மிஞ்சுவது காய்ந்த தட்டைதான்.

"ஆவியா? எங்கேருந்து, மேல மூடிக்கிட்டேருந்தா?... சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது?... செவப்புலயா. சரி. சரி சரி, அழாத. கிழவனுக்கு வயசாச்சு, வெயில் தாங்கல... என்னது? சார்ஜ் இல்லையா? ஏம்மா, காட்டுக்குக் கிளம்புறவ போனுக்கு ஒரு... சரி, கோவிக்கல. கோவிக்கலைன்னு சொல்றேன்ல!"

கோபம்தான். கிழவன் இருமுவதைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். இன்றைக்கு அந்த இருமலையும் இன்னொருவர் காது வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"முதல்ல மூடியைத் தொடாத. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாத... என்ன?... ஏற்கெனவே தொறந்தியா? எப்ப?... காலையிலேயே ஒரு தடவை சூடாச்சா! அப்பவே கூப்பிட வேண்டாமா?... நான் தூங்குவேன்னு... ம். கை? கையைக் காட்டு... அட, எப்படிக் காட்டுவ. வெந்துடுச்சா?... சாக்கைப் போட்டுத் திருகினியா. இருந்தும் பட்டுடுச்சா. சரி... ம்... தண்ணி ஊத்தினியா. ரொம்ப சரி. ஆறவிட்டுத்தானே ஊத்தின?"

அவர் மணல்மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனேயா... கொதிக்கிற வயித்துல ஓடைத் தண்ணியை... முழு வாளியையுமா?... ஆமாம்மா. ஆமா, ஆமா, என்னிக்கோ நான்தான் சொன்னேன். சூடானா தண்ணி ஊத்துன்னு சொன்னேன். ஆறினப்புறம் ஊத்துன்னு சொல்லல. இல்ல, சொல்லல."

அவளிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னது நடக்கும், சொல்லாதது நடக்காது. தையல்காரி. அளவு கொடுத்துவிட்டால் ஒரு நூல் பிசகாது. கல்யாணமான புதிதில் ஏதோ வயிற்றுவலியில் 'காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லித் தொலைத்துவிட்டு, அன்றிலிருந்து கசப்புக் காப்பியே குடித்துக்கொண்டிருக்கிறார் மனிதர். வேண்டும் என்று கேட்க வெட்கம்.

"சரி, ஊத்தினப்புறம் ஓடுச்சா?... கொஞ்ச நேரம் ஓடி மறுபடியும் கொதிச்சுதா. மறுபடியும் ஒரு வாளியா?... ம். குனிஞ்சு கீழ பாரு. தரையில ஈரம் இருக்கா?... இல்லையா. ரப்பர் குழாய் எங்கேயாவது ஒழுகுதா, தடவிப் பாரு. பாத்து, சுடும்... காஞ்சு கிடக்கா. பெல்ட்டை விரலால அமுக்கு... கொஞ்சமா உள்ள போகுதா? அவ்வளவுதான் போகணும். பெல்ட்டும் நல்லாருக்கே..."

பக்கத்துக் கட்டில்காரர் ஒரு மளிகைக் கடைக்காரர். குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர், சும்மா இருக்க முடியாமல் தலையைத் தூக்கி ஒரு யோசனை சொன்னார்.

"அண்ணே, நீங்க சித்த சும்மா இருங்க. பிளக்கைக் கழட்டித் துடைக்க இது ஸ்கூட்டர் இல்ல, டீசல் வண்டி. இதுக்குப் பிளக்கே கிடையாது... இல்லம்மா, உன்னைச் சொல்லல, இங்க ஒருத்தர். நீ முன்னாடி போ. ரேடியேட்டர் வலையைப் பாரு. சருகு, தூசின்னு அடைச்சிருக்கும்... ஒரு துரும்பு இல்லையா? எப்படி இல்லாம போகும்? தினம் சாயந்திரம் நான் பிரஷ் போட்டுத் தள்ளுவேன், நான் படுத்து இத்தனை நாளாச்சு... என்ன சட்டை?... யாருக்கு?... டிராக்டருக்கா?"

அவர் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"திரைத்துணியில... முன் ரூம் ஜன்னல் திரையா? அது கெட்டித் துணியாச்சே... ரெண்டு மடிப்பா. உள்ள லைனிங் வேறயா... ஓரத்துல எலாஸ்டிக்கு. லைட்டு ரெண்டுக்கும் ஓட்டை விட்டு, காஜா எடுத்து... ம். ம்."

தன்னை ஆஸ்பத்திரி வேனில் ஏற்றும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் அவளிடம் கடைசியாகச் சொல்லிவிட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: 'கிழவன் மூஞ்சியில தூசி போகாம பாத்துக்கோ.' அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அளவெடுத்து, வெட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது.

"ஏம்மா... அது அவன் மூச்சு விடுற இடம். காத்து அந்த வழியாத்தான் உள்ள போகணும். ஒரே இடத்துல நின்னு ஓடுற வண்டி, இந்த வெயில்ல, அவன் மூக்கையும் வாயையும் பொத்தி... இல்ல, திட்டல. சத்தியமா திட்டல. நீ நல்லாத்தான் தைச்சிருப்ப, எனக்குத் தெரியாதா? கழட்டிடு... கழட்டிட்டியா? அப்பாடி."

நோய் தெரிந்துவிட்டது என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள் வேறொன்று உறுத்தியது. வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். ஆவியாகப் போனதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு தண்ணீர் பிடிக்காது. தரையில் ஈரமில்லை, குழாயில் ஒழுக்கில்லை.

"இன்ஜின் பக்கவாட்டுல, வளையம் போட்ட ஒரு கம்பி இருக்கும். எண்ணெய் அளக்கிற கம்பி. அதை மெதுவா உருவு... நுனியில பாரு. என்ன கலர்?... டீ மாதிரியா. வெறும் டீயா, பால் டீயா?... நல்லாப் பாத்துச் சொல்லு. நுரை இருக்கா?... ம்... ம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் டீ நிறத்தில் நுரைத்தால், தண்ணீர் இன்ஜின் வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டு உள்ளே எங்கேயோ இரும்பு வெடித்திருக்கிறது. இப்படியே அசைக்காமல் விட்டால் மெக்கானிக் பிரித்துப் பழுதுபார்த்துப் பிழைக்க வைக்கலாம். அந்த எண்ணெயோடு இன்னொரு தடவை ஓட்டினால் உள்ளிருப்பதெல்லாம் தேய்ந்து இறுகிவிடும். அத்தோடு கிழவன் கதை முடிந்தது.

அவள் மறுபடி அழ ஆரம்பித்திருந்தாள். வெந்த கையோடு, அந்த வெயிலில், ஆளரவமில்லாத காட்டில் அவள் நிற்பதை நினைத்தபோது அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை. உன் கையாலேயே போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்குப் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"ஒண்ணுமில்லம்மா! சூட்டுல எண்ணெய் அப்படித்தான் வெளுக்கும். ஆறினா சரியாயிடும்... ஆமா... ஆமா ஆமா, பழையபடி ஆயிடும். உன் தப்பு என்ன இருக்கு இதுல?... இல்லவே இல்ல. நீ போய் நிழல்ல உக்காரு. கையைத் தண்ணிக்குள்ள வை. சாப்பிட்டியா?... மணி என்ன ஆச்சு, இன்னும் சாப்பிடலைங்கிற! முதல்ல சாப்பிடு... சிரிக்கிறா பாரு. ம், சிரி."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு பொய்யில் இவ்வளவு நிம்மதி கிடைக்குமானால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மளிகைக் கடைக்காரரைப் பார்த்து அவர் கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

"என்ன?... இந்தத் தடவை நல்லா ஆறவிட்டு... ஆறவிட்டு என்ன பண்ணப் போற?... இல்ல இல்ல இல்ல. பம்பு வேண்டாம். இன்னிக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டாம்... காஞ்சா காயட்டும்!... ஏம்மா, என் கவலையை விடு, நான் நல்லாத்தான் இருக்கேன்... ஆமா, ஆறினா சரியாயிடும்னு சொன்னேன். சொன்னேன்தான். ஆனா... கேளு. நான் பொய் சொன்னேன். எண்ணெயில தண்ணி கலந்துடுச்சு. சாவியைத் தொடாத. கேக்குதா? ஸ்டார்ட் பண்ணவே பண்ணாத... ஹலோ?... ஹலோ!"

சார்ஜ் தீர்ந்துவிட்டது. எந்த வார்த்தையோடு தீர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். மறுபடியும் அதே குரல். எழுந்துவிடுபவர் போல உடம்பை உந்தினார். கப்பி கிறீச்சிட்டது, மணல்மூட்டை ஆடியது, கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க... இல்ல, பேலன்ஸ் இருக்கு... ஆமா, அவ போன்தான் செத்துப்போச்சு. ஆமாண்ணே, உங்க போன்ல போட்டாலும் போகாது. தெரியும். சும்மா கொடுங்க."

அவசரப்பட மாட்டாள். சாப்பிடச் சொன்னார், சாப்பிடுவாள். கையைத் தண்ணீரில் வைப்பாள். கிழவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறும்வரை நிழலில் காத்திருப்பாள். பிறகு எழுந்து போய்ச் சாவியைத் திருப்புவாள். அவள் ஒருநாளும் அவர் பேச்சைத் தட்டியதில்லை.

"ஹலோ... ஹலோ..."