மூன்றாவது மாட்டை யார் கறப்பது

"மாட்டு மடியில கிருமியாம் ராத்தா. பக்கத்து வீட்டாட கண்ணூறு எண்டெல்லோ நான் அவவோட பேச்சை விட்டனான்."

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். காய்ச்சல் தெளிந்த மகளை மறுபடியும் ஆஸ்பத்திரியில் காட்டக் கொண்டுபோன எனக்கு, கிருமி என்றதும் காது அங்கே போயிற்று.

"ஆர் சொன்னது?" என்றார் மூத்தவர்.

"மாட்டு டொக்டர். மடி கல்லுப்போல, பால் திரிதிரியா வந்தது. கறக்கிற கையால, துடைக்கிற துணியால மற்ற மாட்டுக்கும் தொத்துமாம்."

"நீ என்னத்தால துடைச்சனி?"

"கண்ணூறு போகட்டும் எண்டு ஓதின தண்ணியில சீலைத்துண்டை நனைச்சு. மடி வீங்கின வருத்தக்கார மாட்டை முதல்ல துடைச்சுப்போட்டு, அதாலேயே மற்றதையும் துடைச்சனான். இப்ப அதுக்கும் வீங்கிட்டுது."

"தண்ணியில குறை இல்லை. துண்டிலதான்."

"மூண்டாவது மாடு இப்பதான் கண்டுக்குட்டி போட்டது. அதையாவது காப்பாத்தோணும். நோய் மாட்டைத் தொடுற ஆள் அதைக் கறக்கப்படாதாம். வீட்டில வேற ஆளும் இல்லை."

"பக்கத்து வீட்டாளைக் கூப்பிடு."

"என்ன முகத்தோட கூப்பிடுறது?"

"முகத்தை விடு. உன்ர கையைவிட அவட கண் பரவாயில்லை."